உள்ளூர்ப் புலனாய்வுச் செய்தியும் விருதும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புலிட்சர் பரிசுகளில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் பொதுச்சேவைப் பதக்கம் இரண்டு பத்திரிகைகளுக்குக் கிடைத்தது. ஒன்று பிலடெல்பியா இன்குவைரர். நாடறிந்த பெரிய நாளிதழ். இன்னொன்று, வட கரோலினா மாநிலத்தில் வாஷிங்டன் என்கிற சின்ன ஊரிலிருந்து சுமார் 10,000 பிரதிகள் விற்றுக்கொண்டிருந்த வாஷிங்டன் டெய்லி நியூஸ். (தலைநகர் வாஷிங்டனுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை.) அதன் ஆசிரியர் தன் வீட்டுக்கு வந்த தண்ணீர் பில்லைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், குடிநீரில் ரசாயனங்கள் இருக்கின்றனவா என்று நகராட்சி சோதித்து வருவதாக ஓர் அறிவிப்பு. எதற்காகச் சோதிக்கிறார்கள், சோதித்ததில் என்ன தெரிந்தது என்று அந்தப் பத்திரிகை கேட்கத் தொடங்கியது. ஊர்த் தண்ணீரில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் கலந்திருந்ததும், உள்ளாட்சி நிர்வாகம் 8 ஆண்டுகளாக அதை மக்களிடம் சொல்லவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை என்பதும் வெளியே வந்தன.

புதிதாக நிருபர் வேலைக்கு வந்தவர்கள், இதழியல் மாணவர்கள், இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு மாவட்ட அளவில் ஒரு செய்தித்தளம் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்க விருதுகளைப் பற்றி. உள்ளூர்ப் புலனாய்வுக்கென்று தனி விருதுகள் அங்கேதான் மிக அதிகம். பரிசு பெற்ற வேலைகளும் அவை செய்யப்பட்ட விதமும் பொதுவில் கிடைக்கின்றன. அந்த விருதுகளுக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். ஆனால் விருதுக் குழுக்கள் என்ன கேட்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு, அதே கேள்விகளைச் செய்தியைத் தொடங்கும் நாளிலேயே கேட்டுக்கொண்டால், உங்கள் வேலை வேறு தரத்துக்குப் போய்விடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

எந்த விருது யாருக்கு

புலிட்சர் பரிசை 1917 முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் வழங்கி வருகிறது. உள்ளூர்ப் பத்திரிகைகள் கவனிக்க வேண்டிய பிரிவுகள் மூன்று: உள்ளூர்ச் செய்தி, புலனாய்வு, பொதுச்சேவை. முதல் இரண்டுக்கும் 15,000 டாலர். பொதுச்சேவைக்குப் பணம் கிடையாது. நிறுவனத்தின் பெயரில் ஒரு தங்கப் பதக்கம். ஒவ்வொரு பிரிவிலும் நடுவர் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். இறுதி முடிவு பரிசு வாரியத்தின் கையில். வாரியம் ஒரு வேலையைப் பிரிவு மாற்றிக்கூடப் பரிசளிக்கலாம், யாருக்குமே தராமலும் விடலாம். பத்திரிகை பெரியதா சிறியதா என்று இங்கே பார்ப்பதில்லை. நியூயார்க் டைம்ஸ் வரிசையில் நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்க வேண்டும்.

அந்தக் கவலை இல்லாத விருது ஐஆர்இ விருது. ஐஆர்இ என்பது (Investigative Reporters and Editors) புலனாய்வு நிருபர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 1975இல் தொடங்கிய அமைப்பு. மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியில் இயங்குகிறது. இவர்கள் நிறுவனத்தின் அளவை வைத்துப் பிரிவுகளை வகுத்திருப்பதால் சிறியவர் சிறியவருடன்தான் போட்டியிடுவார். வந்து சேரும் விண்ணப்பங்களை, பரிசு பெறாதவற்றையும் சேர்த்து, நூலகத்தில் பாதுகாக்கிறார்கள். உறுப்பினர்கள் எடுத்துப் படிக்கலாம். என்னைக் கேட்டால், புதியவர் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது புலிட்சரை விட இதைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1949 முதல் தரும் ஜார்ஜ் போல்க் விருதில் உள்ளூர்ச் செய்திக்கு இடம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் விருது 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அதிலும் உள்ளூர்ச் செய்திக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் காலியர் பரிசு, மாநில அரசுகளைக் கேள்வி கேட்கும் செய்திகளுக்கு. ஹார்வர்டின் கோல்ட்ஸ்மித் பரிசு, அரசும் கொள்கையும் சார்ந்த புலனாய்வுக்கு.

இந்தியாவில் இருப்பவர்கள் இராம்நாத் கோயங்கா விருதைப் பார்க்கலாம். இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம் 2006 முதல் தருகிறது. புலனாய்வுக்கும் இந்திய மொழிகளில் வரும் செய்திக்கும் பிரிவுகள் உண்டு. பெண் பத்திரிகையாளர்களுக்கு சமேலி தேவி ஜெயின் விருது இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் கிராமத்துப் பெண்கள் வட்டார மொழியில் நடத்திய கபர் லஹரியா பத்திரிகைக்கு 2004இல் இந்த விருது கிடைத்தது. இவற்றின் விதிகளும் தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

முதலில் படியுங்கள், பின்னாலிருந்து படியுங்கள்

புலிட்சர் தளத்தில் 1995க்குப் பிந்தைய பரிசு வேலைகள் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. கதை படிப்பதுபோல முதலிலிருந்து படித்துக்கொண்டு போனால் ரசிக்கலாம், வேலை கற்க முடியாது. முதலில் என்ன விளைவு ஏற்பட்டது என்று பாருங்கள். அப்புறம் அந்த விளைவுக்குக் காரணமான ஒற்றை உண்மை எது என்று தேடுங்கள். அந்த உண்மை எந்தக் காகிதத்திலிருந்து வந்தது, அந்தக் காகிதம் யாரிடம் இருந்தது, நிருபர் அதை எப்படி வாங்கினார் என்று பின்னோக்கிப் போங்கள்.

எடுத்துக்காட்டாக, 2017இல் புலனாய்வுப் பிரிவில் பரிசு பெற்ற எரிக் ஐரின் செய்தியை எடுத்துக்கொள்வோம். மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் கெசட்-மெயில் என்ற நாளிதழில் எழுதினார். மாநில மக்கள்தொகை ஏறக்குறைய 18 லட்சம். அந்த மாநிலத்துக்குள் 6 ஆண்டுகளில் மருந்து விநியோக நிறுவனங்கள் இறக்கிய ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைகள் 78 கோடி. அதே காலத்தில் அந்த இரண்டு மருந்துகளை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள் 1,728 பேர். இந்த எண்களை அப்படியே போட்டிருந்தால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஐர் கெர்மிட் என்ற ஊருக்குப் போகிறார். அங்கே மக்கள் 392 பேர். அந்த ஊரில் ஒரே ஒரு மருந்துக் கடைக்கு 2 ஆண்டுகளில் வந்து இறங்கியவை சுமார் 90 லட்சம் மாத்திரைகள். இதைப் படித்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மாநில அரசு மருந்து நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டிருந்தது. அதன் ஆவணங்கள் நீதிமன்றத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்தன. பத்திரிகை அந்த முத்திரையை நீக்கக் கோரி நீதிமன்றம் போனது. நிறுவனங்கள் எதிர்த்தன. பத்திரிகை வென்றது. பிறகு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்த மாத்திரைக் கணக்குகளையும் ஐர் பெற்றார். பரிசுக் குறிப்பில் ஒரு வரியாக முடிந்துவிடும் இந்தப் பகுதிதான் உண்மையில் நீங்கள் பாடமாகப் படிக்க வேண்டியது.

இப்படி ஐந்தாறு வேலைகளைப் பின்னாலிருந்து பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ரகசியமாகச் சந்தித்துக் கொடுக்கப்பட்ட கோப்பு என்று எதுவும் இருக்காது. யாராவது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஆனால் யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட காகிதங்களே அதிகம் இருக்கும்.

எங்கே தொடங்குவது

கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் பில்லைச் சொன்னேன். 2015இல் உள்ளூர்ச் செய்திப் பரிசு பெற்ற டெய்லி பிரீஸ், கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் நகரத்துப் பத்திரிகை. அதன் நிருபர்கள் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்கு 2013இல் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். 6 லட்சத்து 63 ஆயிரம் டாலர். அடிப்படைச் சம்பளத்தோடு நிறுத்தாமல் ஒப்பந்தத்தைப் படித்து, சலுகைகள், படிகள் எல்லாவற்றையும் கூட்டியதால்தான் இந்த எண் கிடைத்தது.

பால்டிமோர் சன் 2020இல் அதே பரிசைப் பெற்றது. நகர மேயர், மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளின் இயக்குநர் குழுவில் இருந்தார். அந்த மருத்துவமனை அமைப்பே அவர் எழுதிய சிறுவர் புத்தகத்தின் 1 லட்சம் பிரதிகளை 5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. இயக்குநர்கள் தங்களுடைய வணிகத் தொடர்புகளைத் தெரிவிக்கும் ஆவணங்களில் இதன் நுனி இருந்தது. நிருபர் அதைப் பிடித்து இழுத்தார். மேயர் 2019 மே மாதம் பதவி விலகினார். மறு ஆண்டு சிறைத் தண்டனையும் பெற்றார்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தகவல் உரிமைக்கு இந்திய மாநிலங்களிலேயே முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடு, 1997இல். 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் மனுவுக்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் தகவல் ஆணையம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று உங்களைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நகல் மட்டுமில்லாமல், நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம். புதியவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கோப்பைப் புரட்டும்போதுதான் நீங்கள் பெயர் தெரியாமல் கேட்காமல் விட்ட காகிதமும் கண்ணில் படும். ஓரத்தில் எழுதிய குறிப்பும் படும்.

மனுவில் "முறைகேடு", "ஊழல்" என்ற சொற்களே வேண்டாம். எந்த ஆண்டு, எந்தத் திட்டம், எந்தப் பதிவேடு என்று மட்டும் எழுதுங்கள்.

இரண்டு பட்டியல்களை ஒட்டிப் பாருங்கள்

வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் பிரிஸ்டல் ஹெரால்ட் கூரியர் என்று ஒரு பத்திரிகை. 2010இல் பொதுச்சேவைப் பதக்கம் பெற்றது. நிலத்துக்கு அடியிலிருந்து இயற்கை எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் நில உரிமையாளர்களுக்கு உரிமத்தொகை தர வேண்டும். உரிமை யாருடையது என்று தகராறு இருந்தால் பணத்தை அரசு நிர்வகிக்கும் ஒரு கணக்கில் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான உரிமையாளர்களுக்குப் பணம் போய்ச் சேரவே இல்லை. டேனியல் கில்பர்ட் என்ற இளம் நிருபர் ஒரு பக்கம் எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு வாயு எடுத்தார்கள் என்ற பட்டியலை வாங்கினார். இன்னொரு பக்கம் அந்தக் கணக்கில் எந்த மாதம் எவ்வளவு பணம் கட்டினார்கள் என்ற பட்டியல். இரண்டையும் ஒட்டினால் வாயு எடுத்தும் பணம் கட்டாத மாதங்கள் தெரியும்.

ஆனால் அவருக்கு அவ்வளவு பெரிய அட்டவணையைக் கையாளத் தெரியவில்லை. பத்திரிகை அவரை ஐஆர்இ நடத்தும் தரவுப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. திரும்பி வந்து வேலையை முடித்தார். எத்தனையோ சின்னப் பத்திரிகைகள் ஒரு நிருபரைச் சில நாட்கள் வெளியே அனுப்ப யோசிக்கும். அந்தச் செலவு எவ்வளவு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்தது என்று பாருங்கள்.

எக்செலில் இரண்டு பட்டியல்களை இணைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செலவு செய்ததாகச் சொன்ன பட்டியலும் நடந்த வேலையின் பட்டியலும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் உண்மையில் இயங்கும் இடங்களின் பட்டியலும். புகார்களின் பட்டியலும் நடவடிக்கைகளின் பட்டியலும். சிகாகோவில் 2022இல் பரிசு பெற்ற செய்தி இந்தக் கடைசி வகைதான். தீ ஆபத்து இருப்பது நகர நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருந்த கட்டடங்களில் நடந்த 42 தீ விபத்துகளில் 61 பேர் இறந்ததை இரண்டு நிருபர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவர் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழைச் சேர்ந்தவர், மற்றவர் ஒரு லாப நோக்கற்ற கண்காணிப்பு அமைப்பைச் சேர்ந்தவர். சின்ன அமைப்பு ஒன்று பெரிய பத்திரிகையோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்பதையும் இதில் கவனியுங்கள்.

பட்டியலே இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். லூயிசியானாவில், நீதிமன்றத்தில் 12 பேர் கொண்ட ஜூரி ஒருமனதாக முடிவு சொல்லாவிட்டாலும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருந்து வந்தது. கடைசியாக 10 பேர் சொன்னாலே போதும் என்று இருந்தது. அதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று எந்த அரசுத் துறையும் கணக்கு வைக்கவில்லை. தி அட்வகேட் நாளிதழின் நிருபர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய் வழக்குக் கட்டுகளிலிருந்து தாங்களே தரவு திரட்டினார்கள். கறுப்பின மக்களே அதிகம் பாதிக்கப்படுவது தெரியவந்தது. 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். 2019இல் பரிசு வந்தது.

நாட்குறிப்பு

செய்தி தொடங்கும் அன்றே ஒரு கோப்பு திறந்து, நான்கு விஷயங்களைத் தேதி போட்டு எழுதி வாருங்கள். எந்த அலுவலகத்துக்கு என்ன மனு, பதில் என்ன. யாரிடம் எப்போது பேசினீர்கள். எதிர்த்தரப்புக்கு எப்போது கேள்வி அனுப்பினீர்கள், என்ன சொன்னார்கள். செய்தி வந்த பிறகு என்ன நடந்தது. மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, தபால் ரசீது எல்லாம் ஸ்கேன் செய்து அதே இடத்தில் போடுங்கள். ஐஆர்இ விண்ணப்பப் படிவம் இவற்றைத்தான் கேட்கிறது: செய்தி எப்படித் தொடங்கியது, எந்த ஆவணங்கள், தகவல் மனுக்கள் என்ன ஆயின, யாரெல்லாம் பேசினார்கள், என்ன விளைவு, திருத்தமோ மறுப்போ வந்ததா, இதே வேலையைச் செய்ய நினைக்கும் இன்னொரு நிருபருக்கு என்ன சொல்வீர்கள். ஆண்டு இறுதியில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். விருதுக்கே போகாவிட்டாலும், வழக்கு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்தக் கோப்புதான்.

எதிர்த்தரப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். செய்தி அச்சுக்குப் போகும் முந்தின நாள் மாலை ஒரு போன் போட்டுவிட்டு "பதில் அளிக்கவில்லை" என்று எழுதுவது போதாது. உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எழுத்தில் அனுப்பி, படித்துப் பதில் சொல்ல நாள் கொடுங்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தால் செய்தி மாறும். மாறட்டும். அப்படி மாறிய செய்திதான் பின்னாளில் நிலைத்து நிற்கும்.

விளைவை எழுதுவது எப்படி

அலபாமாவில் புரூக்சைடு என்ற ஊரில் 1,253 பேர் வசித்தார்கள். ஊரில் போக்குவரத்து சிக்னல்கூடக் கிடையாது. 2018க்கும் 2020க்கும் இடையே அபராதம், பறிமுதல் மூலம் ஊர் நிர்வாகத்துக்கு வந்த வருமானம் 640 சதவீதம் உயர்ந்தது. மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். நெடுஞ்சாலையில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் காவல்துறை வசூல் செய்துகொண்டிருந்தது. ஏஎல்.காம் என்ற அலபாமா செய்தித்தளம் 2022 ஜனவரியில் இதை வெளியிட்டது. சில நாட்களில் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். ஊராட்சிகள் போக்குவரத்து அபராதத்திலிருந்து வைத்துக்கொள்ளும் பங்குக்கு மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டு வரம்பு விதித்தது. 2023இல் உள்ளூர்ச் செய்திப் பரிசு பெற்ற இரண்டு வேலைகளில் இது ஒன்று.

இதுபோன்ற விளைவைக் கடிதத்தில் எழுதும்போது எது உங்களால் நடந்தது, எது உங்களுக்குப் பிறகு நடந்தது என்று பிரித்து எழுதுங்கள். நடுவர்கள் பெரும்பாலும் அனுபவமுள்ள பத்திரிகையாளர்கள். உயர்த்திச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். சட்டம் எதுவும் மாறவில்லை என்றாலும் பரவாயில்லை. விசாரணைக்கு உத்தரவிட்டார்களா, ஒரு குடும்பத்துக்கு நிலுவைத் தொகை கிடைத்ததா, மூடி வைத்திருந்த பதிவேடு பொதுவில் வந்ததா, இவையும் விளைவுதான்.

விண்ணப்பக் கடிதம்

நல்ல வேலைகள் தோற்றுப்போவது அதிகமும் இங்கேதான். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவர் இப்படித் தொடங்குகிறார்: "எங்கள் இதழ் மக்களின் குரலாக விளங்கி, எத்தனையோ தடைகளைத் தாண்டி, ஆறு மாத காலம் அயராது உழைத்து இந்த மாபெரும் ஊழலை அம்பலப்படுத்தியது." இந்த வாக்கியத்தில் ஒரு தகவல்கூட இல்லை. இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "எங்கள் ஒன்றியத்தில் 14 பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டியதாகக் கணக்கு இருக்கிறது. 14 பள்ளிக்கும் போனோம். 9 இடங்களில் கழிப்பறை இல்லை. பணம் பெற்றதாகக் கையெழுத்திட்ட ஒப்பந்ததாரர்களில் இருவர், கையெழுத்து தங்களுடையதில்லை என்று எழுதித் தந்தார்கள்." இரண்டாவதைப் படித்த நடுவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

கடிதம் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பத்தியில் கண்டுபிடிப்பு. இரண்டாவதில் அது ஏன் இதுவரை வெளியே வரவில்லை, நீங்கள் எப்படி எடுத்தீர்கள். அப்புறம் விளைவு. உங்கள் ஊரைத் தெரியாதவர்தான் படிக்கப்போகிறார் என்பதை மறக்காதீர்கள். ஊர் எவ்வளவு பெரியது, அலுவலகத்தில் எத்தனை பேர், அந்த நிருபர் இந்த வேலைக்கு நடுவே தினச் செய்தியும் எழுதினாரா என்பதை ஓரிரு வரியில் சொல்லுங்கள். அது பரிதாபம் தேடுவது ஆகாது. வேலையின் அளவைப் புரிந்துகொள்ள நடுவருக்குத் தேவையான தகவல் அது.

தொடராக வந்திருந்தால் எல்லாவற்றையும் அனுப்பும் ஆசையை அடக்குங்கள். விதியில் சொல்லியிருக்கும் எண்ணிக்கைக்குள், வலுவானதை முதலில் வையுங்கள். தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியிருந்தால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, நீங்களே வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். "குற்றம் சாட்டப்பட்டவர்" மொழிபெயர்ப்பில் "குற்றவாளி" ஆகிவிட்டால் போச்சு.

செய்தியின் உண்மைத்தன்மை பற்றி யாராவது கேள்வி எழுப்பியிருந்தால், மறுப்புக் கடிதம் வந்திருந்தால், நீங்கள் திருத்தம் வெளியிட்டிருந்தால் அதையும் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும். புலிட்சர் விதியிலேயே இது இருக்கிறது. திருத்தம் வெளியிட்டதற்காக யாரும் உங்களைத் தள்ளிவிட மாட்டார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். 1981இல் வாஷிங்டன் போஸ்ட் தனக்குக் கிடைத்த பரிசையே திருப்பிக் கொடுத்தது. பரிசு பெற்ற செய்தியில் வரும் 8 வயதுச் சிறுவன் கற்பனை என்று தெரியவந்ததால்.

ஆண்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். புலிட்சர் போன்ற விருதுகளுக்கு முந்தைய நாட்காட்டி ஆண்டில் வந்த வேலைதான் கணக்கு. விண்ணப்பம் ஜனவரியில் முடியும். முடிவு இப்போதெல்லாம் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். நவம்பரிலேயே கடிதத்தின் முதல் வரைவை எழுதிவிடுங்கள். எழுதும்போதே செய்தியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். டிசம்பரில் ஒரு தொடர்ச்செய்தி போட்டு அதை அடைத்துவிடலாம்.

பரிசுக்குப் பிறகு

2023இன் இன்னொரு உள்ளூர்ச் செய்திப் பரிசு மிசிசிப்பி டுடே தளத்தின் அன்னா வுல்ஃபுக்குக் கிடைத்தது. ஏழைகளுக்கான நலநிதியில் 7 கோடியே 70 லட்சம் டாலர் எப்படித் திசைதிரும்பியது என்பதையும், அதில் முன்னாள் ஆளுநரின் பங்கையும் எழுதினார். ஆளுநர் மீது எந்தக் குற்றவியல் வழக்கும் பதிவாகவில்லை. செய்தியில் எல்லாம் அளந்து எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தளத்தின் நிர்வாகத் தலைவர் ஒரு மாநாட்டு மேடையில், முன்னாள் ஆளுநர் பணத்தைக் கையாடினார் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் பேசிவிட்டார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். இருந்தும் 2023இல் அவதூறு வழக்கு வந்தது. 2025இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யும்வரை அந்தச் சிறு நிறுவனம் அதைச் சுமந்தது. பாராட்டு விழாவில், பேட்டியில், முகநூல் பதிவில் பேசுபவை செய்தியை விட ஒரு சொல்கூட அதிகமாகப் போகக் கூடாது. அலுவலகத்தில் எல்லோரிடமும், கணக்குப் பிரிவில் இருப்பவர் உட்பட, இதைச் சொல்லி வையுங்கள்.

பணப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். டெய்லி பிரீஸுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதை எழுதிய மூவரில் ஒருவரான ராப் குஸ்னியா அங்கே இல்லை. சம்பளம் வாடகைக்குப் போதவில்லை என்று ஏற்கெனவே மக்கள் தொடர்பு வேலைக்குப் போய்விட்டார். கெசட்-மெயில், பரிசு பெற்ற மறு ஆண்டே, 2018 ஜனவரியில் திவால் மனு போட்டது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பரிசு அறிவித்த வாரத்தில் உங்கள் பக்கம் வரும் கூட்டத்தைச் சந்தாதாரராக்கவும் நன்கொடை கேட்கவும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருங்கள். அந்தக் கவனம் சில நாட்கள்தான் இருக்கும்.

பரிசு கிடைக்கவில்லை என்றால், உங்கள் பிரிவில் வென்ற வேலையை எடுத்து, மேலே சொன்னபடி பின்னாலிருந்து படித்து, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். பிரிவு மாறியிருக்கலாமா என்று பாருங்கள். அதே வேலையை இன்னொரு விருதுக்கு அனுப்பத் தடை இருக்காது.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோப்பு திறந்தே இருக்கட்டும். மேற்கு வர்ஜீனியாவில் கெசட்-மெயிலை வாங்கிய ஹெச்டி மீடியா என்ற உள்ளூர் நிறுவனம், வாஷிங்டன் போஸ்டோடு சேர்ந்து, மத்திய அரசின் முழு மாத்திரைத் தரவுத்தளத்தையும் வெளியிடக் கோரி வழக்கு நடத்தியது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. அதன் பிறகு நாடு முழுக்க எந்த ஊர் நிருபரும் 2006 முதல் 2012 வரை தன் மாவட்டத்துக்கு எத்தனை மாத்திரைகள் வந்தன என்று தேடிப் பார்க்க முடிந்தது. மொத்தம் 7,600 கோடி மாத்திரைகளின் கணக்கு. நீங்களும் உங்களுக்கு மறுக்கப்பட்ட மனுக்களை வரிசைப்படுத்தி, எது மேல்முறையீட்டுக்குத் தகுதியானது, எதற்குக் கெடு எப்போது முடிகிறது என்று குறித்து வையுங்கள். இந்தியாவில் தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. தேதி தவறவிடாதீர்கள்.